இறம்பொடை ஏற்றம்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதி. நீர்வீழ்ச்சியின் ஓசை செவியில் விழ, இறம்பொடை வளைவொன்றில் எமது பழைய மொறிஸ் மைனர் திணறி நின்றது. பின்னாசனத்தில் முதிய அன்னையார், ஒருபுறம் பாதாளம்.

எமது 948 சீசீ எஞ்சினுக்கு உரியவை 9 பல்லும் 41 பல்லும் கொண்ட டிபரன்சியல் பற்சில்லுகள், தண்டு 4.55 முறை சுழலச் சில்லு ஒருமுறை சுழலும். யாழ்ப்பாணச் சமவெளியில் விரையும் ஆசையால், 1098 சீசீ வண்டிக்குரிய 4.22 விகிதத்தைப் பூட்டியிருந்தோம். எஞ்சின் இரைச்சல் தணிந்தது. இழுவிசையும் நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்தது.

பிள்ளைகளை இறக்கி நடக்கவிட்டு, முதலாம் கியரில் மெல்ல மெல்ல வளைவைக் கடந்தோம்.

“வெட்டையிலை ஓடுறதை நினைச்சு மலையை மறந்திட்டாய், தம்பி,” என்றார் அன்னையார்.

ஊர் திரும்பியதும் பழைய பற்சில்லுகளையே மீண்டும் பூட்டினோம்.