ஒன்று சுழன்றால் போதுமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

கல்லூரி விட்டதும் மாலை வேளைகளில் நான் ஒரு கணினிக் கடையில் வேலை பார்ப்பதைச் சிலர் அறிவீர்கள். தேர்வுக் கட்டணத்திற்கு அதுதான் வழி. அங்கே நான் செய்த ஒரு பிழையைப் பற்றியதே இக்கட்டுரை.

சென்ற தை மாதம், கல்யாண வீடியோ தொகுக்கும் ஒருவர் தம் கணினியில் வண்ண விளக்குள்ள ஆறு மின்விசிறிகளைப் பொருத்தச் சொன்னார். மதர்போர்டில் உள்ள ஒரு விசிறி முனை பொதுவாக 1 ஆம்பியர்தான் தாங்கும். விசிறிக்கு 0.3 ஆம்பியர் என்றாலும் ஆறுக்கு 1.8 ஆம்பியர் ஆகிவிடுமே! ஆகவேதான் நடுவில் 'ஹப்' என்ற சிறு பலகையை வைக்கிறார்கள். அதற்கு மின்சாரம் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேராக வருகிறது. வேகத்திற்கான கட்டளை மட்டும் மதர்போர்டிலிருந்து ஒரு வயரில் வந்து, ஆறு விசிறிகளுக்கும் பிரிகிறது. விளக்குகளுக்கு 5 வோல்ட் மூன்று முனைச் செருகி தனி.

எல்லாவற்றையும் செருகி மின்சாரம் கொடுத்தேன். ஆறு விளக்குகளும் ஒளிர்ந்தன. திரையில் விசிறி வேகம் நிமிடத்திற்கு 1,100 சுற்று என்று வந்தது. "எல்லாம் ஓடுது சார்" என்று முதலாளியிடம் சொல்லி மூடிவிட்டேன்.

மூன்றாம் நாள் அவர் கணினியோடு திரும்பி வந்தார். வேலை நடுவே சூடேறி மந்தமாகிவிடுகிறதாம். மறுநாள் ஒரு கல்யாண வீட்டாருக்கு வீடியோ கொடுத்தாக வேண்டும். திறந்து பார்த்தேன். மேலே இரண்டு விசிறிகள் சுற்றவே இல்லை. அவற்றின் செருகிகள் பாதிதான் இறங்கியிருந்தன. திரையிலோ அதே 1,100!

காரணம் எளியது. விசிறியின் நான்கு கம்பிகளில் ஒன்று, சுற்றுக்கு இரண்டு துடிப்பு வீதம் தன் வேகத்தைத் திருப்பிச் சொல்கிறது. ஆறின் துடிப்பும் கலந்தால் கணக்குக் குழம்பும். ஆகவே அந்த ஹப் முதல் முனையிலுள்ள விசிறியின் துடிப்பை மட்டுமே அனுப்புகிறது. மற்றவை நின்றாலும் மதர்போர்டுக்குத் தெரியாது. விளக்கு வேறு இணைப்பில் எரிந்துகொண்டே இருக்கும்.

"வண்டியில கொண்டுபோனப்ப ஆடியிருக்கும்" என்று முதலாளி அவரைச் சமாதானப்படுத்தினார். பேசாமல் இருந்திருக்கலாம், மனம் ஒப்பவில்லை. "இல்ல சார், நான்தான் சரியா அழுத்தல. கையை வச்சும் பாக்கல" என்றேன். முதலாளி ஒரு வாரம் என்னைக் கடைக்கு வர வேண்டாம் என்றார். பிறகு அவரே கூப்பிட்டார்.

அந்த ஒரு வாரம் மாலையில் வீட்டிலேயே இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "உங்க வீட்ல படிப்பு வந்துடுச்சு" என்று ஊரார் அப்பாவிடம் சொல்லும்போது அவர் முகம் மலரும். என் தங்கை பத்தாம் வகுப்போடு நின்று, தையல் கம்பெனிக்குப் போகிறாள். அவள் கூலியில் ஒரு பங்கும் என் படிப்புக்குத்தான் வருகிறது. இதை ஊராரும் கேட்டதில்லை; நானும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை, "மறுபடி படிக்கிறியா?" என்று அவளைக் கேட்டேன். "உன் பரீட்சைப் பணம்?" என்று திருப்பிக் கேட்டாள்.

ஜூனில் பதினோராம் வகுப்புச் சேர்க்கை. கடையில் இப்போது ஞாயிறும் வேலை பார்க்கிறேன்.