முதல் பாடவேளைக்கு முன்



ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருக்கும் நம் சபைப் பிள்ளை ஒருத்தி, பள்ளியில் கொடுத்த உறுதிமொழித் தாளை என்னிடம் காட்டினாள். மணி அடிக்குமுன் இருக்கையில் அமர வேண்டும். அன்றைய பாடநூலும் குறிப்பேடும் மேசைமேல் இருக்க வேண்டும். வீட்டுப்பாடம் முடித்திருக்க வேண்டும். ஆசிரியர் பேசுகையில் கவனம் சிதறலாகாது. யாவும் நியாயமானவையே. வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்துப் பாடம் நடத்துகிறவர் இதைவிடக் குறைவாக எதைக் கேட்பார்?

ஆயினும் அந்தக் கடைசி வரியில் என் மனம் நின்றுவிட்டது. அவள் தாய் விடியுமுன் வேலைக்குப் போகிறவர். பிள்ளை ஒரு தம்ளர் வரக்காப்பியோடு பேருந்தைப் பிடிக்கிறாள். மதியச் சத்துணவு வரையில் வேறொன்றுமில்லை.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் தொடங்கிவைத்த காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கானது. நல்ல திட்டம், மனதார வாழ்த்துகிறேன். ஆனால் ஆறாம் வகுப்பில் பசி நின்றுவிடுவதில்லையே!

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். யவீருவின் மகள் உயிரோடு எழுந்து நடக்கிறாள். கண்டவர்கள் பிரமித்து நிற்கிறார்கள். ஆண்டவரோ அவளுக்கு உண்ணக் கொடுக்கச் சொல்லுகிறார். அந்த அற்புதத்தின் நடுவே அவளுடைய வெறும் வயிற்றை நினைத்தவர் அவர் ஒருவரே. அவளுக்கு வயது பன்னிரண்டு. நம் கணக்கில் ஏழாம் வகுப்பு.

வரும் திங்கள் முதல் ஆலயச் சமையற்கூடத்தில் காலை ஆறரைக்கு இட்லி அவிக்கப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் இசைந்துள்ளனர். எந்தச் சபைப் பிள்ளை, எந்த மதத்துப் பிள்ளை என்று எவரும் கேட்கப்போவதில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இன்னும் ஆள் தேவை.