ஓடுவது எது?

"பேட்ச் போட்டாச்சு" என்று யாராவது சொன்னால், "சரி, எதையெல்லாம் ரீஸ்டார்ட் பண்ணீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். சர்வர் பராமரிப்பில் பாதிப்பேர் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்வார்கள். புதுப் பதிப்பு டிஸ்க்கில் இறங்கியிருக்கும். ஓடிக்கொண்டிருப்பது பழையதாகவே இருக்கும்.

லினக்ஸில் ஒரு ஃபைலை அழித்தால் அந்த இடத்திலிருந்து போவது அதன் பெயர் மட்டும்தான். அதைத் திறந்து வைத்திருக்கும் புரோகிராம் விடும்வரை உள்ளடக்கம் எங்கும் போகாது. ஒரு சர்வரை நிறுத்தாமலே நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை மாற்ற முடிவது இதனால்தான். சிக்கலும் இதே இடத்தில்தான் பிறக்கிறது. அப்டேட் வந்து புது லைப்ரரியை அதே பெயரில் வைத்துவிட்டுப் போகும். பல மாதமாக ஓடும் வெப் சர்வரோ பழைய லைப்ரரியை மெமரியில் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும். பேக்கேஜ் பட்டியலைக் கேட்டால் புது எண்ணைக் காட்டும். ஓட்டை அப்படியே திறந்திருக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டு. எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளையைக் கொடுத்தால், எந்தப் புரோகிராம் எந்த ஃபைலைப் பிடித்திருக்கிறது என்று வரிவரியாகக் கொட்டும். லைப்ரரிகளின் வரிகளில் வழக்கமாக 'மெம்' என்று இருக்கும் இடத்தில், சிலவற்றுக்கு மட்டும் 'டெல்' என்று இருக்கும். பெயர் போய்விட்டது, ஆள் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று பொருள். டெபியன், உபுண்டுவில் இந்த வேலையை 'நீட்ரீஸ்டார்ட்' செய்துவிடும். ஆனாலும் புதிதாகச் சேருகிறவர்களை ஒருமுறையாவது அந்த 'டெல்' வரிகளைக் கையால் தேடச் சொல்வேன். ஒரு தடவை பார்த்தவர்கள் மறப்பதில்லை.

2014 ஏப்ரல் 7 அன்று ஹார்ட்பிளீட் வெளியானபோது இந்த வித்தியாசம் உலகத்துக்கே உறைத்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் இரண்டு ஆண்டுகளாக இருந்த ஓட்டை அது. வெளியிலிருந்து ஒருவர் கேட்டால், சர்வர் தன் மெமரியிலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும்; அதில் பாஸ்வேர்டு இருக்கலாம், சான்றிதழின் ரகசியச் சாவியே இருக்கலாம். டெபியன் உடனே திருத்தம் வெளியிட்டது. அதோடு விடாமல் இன்னொரு அப்டேட்டையும் அனுப்பியது. ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்தும் சர்வீஸ்களைத் தேடி, ரீஸ்டார்ட் செய்யலாமா என்று கேட்பதற்காக. ஃபைல் மாறினால் போதாது என்பதை அப்டேட்டே வாய்விட்டுச் சொன்ன மாதிரி. அப்போது வரிசையும் முக்கியமாக இருந்தது: பேட்ச், ரீஸ்டார்ட், அதற்குப் பிறகே புதுச் சாவி, புதுச் சான்றிதழ். ரீஸ்டார்ட்டுக்கு முன்பே சாவியை மாற்றினால், அந்தப் புதுச் சாவியும் அதே ஓட்டை வழியாகப் போகும்.

எண்ணை நம்புகிறவர்கள் எதிர்ப்பக்கமும் ஏமாறுவார்கள். ஹார்ட்பிளீடுக்கான திருத்தம் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1-ஜி பதிப்பில் வந்தது. டெபியன் 7 அந்தப் பதிப்புக்குத் தாவவில்லை. தன்னிடமிருந்த 1.0.1-ஈ பதிப்பிலேயே திருத்தத்தை மட்டும் ஒட்டி, வால்பகுதியில் 'டெப்7யூ5' என்று சேர்த்து வெளியிட்டது. ரெட் ஹேட்டின் வழக்கமும் இதுதான். முழுப் பதிப்பையும் மாற்றினால் வேறு ஏதாவது உடையும் என்ற நியாயமான பயம். ஆனால் ஆடிட்டுக்கு வருகிறவர்களின் ஸ்கேனருக்கு அந்த வால் தெரியாது.

"சார், இந்த சர்வர்ல ரொம்பப் பழைய வெர்ஷன் ஓடுது. ரிப்போர்ட்ல சிவப்பா வருதே."

"நம்பர்தான் சார் பழசு, உள்ள திருத்தம் போட்டாச்சு. சேஞ்ச்லாக் காட்டட்டுமா?"

வருஷா வருஷம் நடக்கும் உரையாடல் இது. சேஞ்ச்லாக்கில் ஓட்டையின் சி.வி.இ. எண்ணோடு எழுதியிருப்பதைக் காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாத ஒருவருக்காக, சொந்தமாகக் கம்பைல் செய்த புதுப் பதிப்பைப் போட்டுக்கொண்ட இடங்களும் உண்டு. அன்றிலிருந்து அந்த ஒன்றுக்கு எந்த அப்டேட்டும் தானாக வராது. ரிப்போர்ட் மட்டும் பச்சையாகிவிடும்.

லைப்ரரியையாவது சர்வீஸை ரீஸ்டார்ட் செய்து சமாளிக்கலாம். கெர்னலுக்கும் ஜிலிப்ஸிக்கும் அப்படி முடியாது. ஜிலிப்ஸியும் லைப்ரரிதான், ஆனால் ஏறக்குறைய எல்லாப் புரோகிராமுக்கும் அதுவே அடித்தளம். ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்வதைவிட ரீபூட் அடிப்பது எளிது. கெர்னலுக்கு லைவ் பேட்ச் வசதி இருக்கிறது. அது ரீபூட்டைத் தள்ளிப்போட உதவும், ஒழித்துவிடாது. ஆயிரம் நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று சர்வரைப் பெருமையாகக் காட்டுவார்கள். லைவ் பேட்ச் இல்லாத சர்வர் என்றால், ஆயிரம் நாளாக அந்தக் கெர்னலில் ஒரு திருத்தமும் ஏறவில்லை என்றுதான் எனக்குக் கேட்கும்.

அந்தப் பெருமைக்கு அடியில் இருப்பது பயம்: நிறுத்தினால் திரும்ப எழுந்திருக்குமா? யாரோ என்றோ கையால் துவக்கிவிட்ட சர்வீஸ், பூட் ஆகும்போது தானாக வராது. சேமிக்காத ஃபயர்வால் விதி காணாமல் போகும். மவுண்ட் பட்டியலில், கழற்றிப் போன டிஸ்க்கின் பெயர் உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் ரீபூட்டில்தான் வெளிவரும். பழி பேட்ச் மேல் விழும். அதனால் பேட்ச் போடுவதற்கு முன்பே ஒருமுறை ரீபூட் செய்துவிடுவேன். எழுந்திருக்கவில்லை என்றால் அது பழைய அழுக்கு. எழுந்த பிறகு பேட்ச், மறுபடி ரீபூட். இரட்டை வேலை என்று மேனேஜர்கள் முணுமுணுப்பார்கள். பெரிய ஃபிசிக்கல் சர்வர் என்றால் மெமரியைச் சோதித்து எழவே பத்து நிமிடம் எடுக்கும். அதுவரை பிங் திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை.

எவ்வளவு சீக்கிரம் போடுவது என்பதற்கு ஒரே விடை கிடையாது. விண்டோஸுக்கான எம்எஸ்17-010 திருத்தம் 2017 மார்ச் 14-இல் வந்தது. அது அடைத்த ஓட்டை வழியாக வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது மே 12-இல். ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம் இருந்தும் பிரிட்டனின் மருத்துவமனைகள் வரை முடங்கின. மறுபக்கம், 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்களைப் படுக்கவைத்தது. அதே ஆண்டு மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கம்ப்ரஷன் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற டெவலப்பர் கிளறப்போய்த்தான் அது சிக்கியது. டெபியன் ஸ்டேபிள் தப்பியதற்குக் காரணம், அந்தப் புதுப் பதிப்பு அங்கே இன்னும் வரவில்லை என்பதுதான். செக்யூரிட்டி திருத்தத்தை உடனே எடுக்கிறேன். புதுப் பதிப்பு என்பதற்காக மட்டும் எதையும் எடுப்பதில்லை. லோட் பேலன்சருக்குப் பின்னால் இரண்டு சர்வர் இருந்தால் ஒன்றுக்கு முதலில், ஒருநாள் பார்த்துவிட்டு மற்றதற்கு.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ். 2024 ஜூன் 30-ஓடு அதன் ஆதரவு முடிந்தது. அதன் மிரர் பட்டியல் முகவரியும் நின்றுபோனதால், அப்டேட்டை இறக்கும் யம் கட்டளை பிழை காட்டத் தொடங்கியது. நல்லதுதான், ஏதோ சரியில்லை என்று அதுவாவது சொன்னது. பலர் செய்தது என்னவென்றால், முகவரியைப் பழைய பேக்கேஜ்கள் கிடக்கும் 'வால்ட்' காப்பகத்துக்கு மாற்றிவிட்டார்கள். பிழை மறைந்தது. இப்போது கேட்டால், புதுப்பிக்க எதுவும் இல்லை என்று யம் அமைதியாகச் சொல்லும். நேற்றுவரை ஒழுங்காகப் பேட்ச் போட்ட சர்வரும் இதையேதான் சொல்லும். இந்த சென்ட்ஓஎஸ் 7 சர்வர்களுக்கு என் மாத ரிப்போர்ட்டில் தனிப் பட்டியல் உண்டு: எந்த போர்ட் திறந்திருக்கிறது, எங்கிருந்து உள்ளே வரலாம், மாற்றித் தர யார் எந்தத் தேதி சொன்னார்கள், அந்தத் தேதி எத்தனை முறை தள்ளிப்போனது. கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். நான் எடுப்பதில்லை.