சாந்து பூசாத வேலி

இலங்கையின் நெடுந்தீவில் நான் தங்கிய விடுதியில் குளியலறைக்குக் கூரை கிடையாது. நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) சுவர், நடுவில் ஒரு வாளி, மேலே வானம். கதவுக்குப் பதில் பனையோலைத் தட்டி. சுவரில் சாந்து என்பதே இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சந்து, அதன் வழியாகக் கடற்காற்று. ஒரு காலை தட்டியைத் தள்ளிக்கொண்டு மாடு எட்டிப் பார்த்தது. விடுதிக்கார அம்மாவிடம் சொன்னேன். "அது ஒண்டும் செய்யாது தம்பி" என்று தேநீரை நீட்டினார்.

நான் சென்னை கே.கே. நகர்வாசி. எங்கள் பக்கம் பழைய வீடுகளை இடித்து அடுக்ககம் எழுப்பாத தெரு அபூர்வம். இடித்த சுவர் அன்றைக்கே லாரி ஏறிவிடும். அதைப் பார்த்துப் பழகிய எனக்கு, விழுந்த கல்லையே திரும்ப எடுத்து அடுக்கும் ஊர் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டதும் போய்ப் பார்க்கத் தோன்றியது. விமானத்தில் பலாலி, பேருந்தில் புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான், அங்கிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகு. அந்தக் கடலில் 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வந்த பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். படகில் ஏறும்போது அந்த நினைப்பும் கூடவே ஏறிக்கொள்கிறது.

தீவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து மாலைக்குள் திரும்பிவிடுகிறவர்கள். கட்டாக்காலிக் குதிரைகள், பெருக்கமரம், இடிந்த கோட்டை, டச்சுக்காரர் காலத்துப் புறாக்கூடு என்று வண்டி ஒரு சுற்றுச் சுற்றும். இவற்றுக்கு நடுவே வழியெங்கும் ஓடும் கல்வேலிகளைத்தான் நான் பார்க்க வந்திருந்தேன்.

விடுதிக்குப் பின்னால் ஒரு தோட்டத்து வேலி சரிந்திருந்தது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு ஐயாவும் அவருடைய மருமகனும் அதைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கருவி என்று பார்த்தால் ஒரு அலவாங்கு (கடப்பாரை) மட்டும். முருகைக்கல் கையைக் கிழிக்கும் என்பதால் இளையவர் பழைய காலுறையின் நுனியை வெட்டிக் கைகளில் மாட்டியிருந்தார். ஐயாவுக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் உள்ளங்கையில் ரேகை தேடினால் கிடைக்காது.

தோண்டி அடித்தளம் போட இங்கே வழியில்லை. மண் மெல்லிய படலம்தான், உடனே பாறை தட்டுகிறது. அதனால் அடியில் பெருங்கற்களை அகலமாகப் பரப்பி, மேலே போகப் போக ஒடுக்குகிறார்கள். ஐயா ஒரு கல்லைத் தூக்கி வைத்தார், அது ஆடியது. கால் சுற்றுத் திருப்பினார், மறுபடி ஆடியது. குப்புறப் போட்டார். கீழே இருந்த கல்லின் பொத்தலில் இதன் முனை போய்க் கடித்துக்கொண்டது. மிச்சமிருந்த சந்தில் ஒரு சில்லைச் செருகி, முழங்கையால் இடித்துப் பார்த்தார். அசையவில்லை. "இந்தச் சொரசொரப்புத்தான் தம்பி இதுக்குச் சீமேந்து" என்றார்.

இந்தக் கல் எதுவும் கடலில் உடைத்து எடுத்தது இல்லை. பயிர் வைக்க நிலத்தைத் துப்புரவாக்கும்போது பொறுக்கிய கல்லே எல்லையாகி, மாட்டையும் குதிரையையும் தடுக்கும் வேலியும் ஆகிவிட்டது. சோழகக் காற்று அடித்து வீசும் வெட்டவெளியில் சந்து விட்ட சுவர் தாக்குப்பிடிக்கிறது. காற்றை மறிக்காமல் வடிகட்டி அனுப்புவதுதான் காரணம்.

விடுதியின் முன்மதில் வேறு கதை. பார்வைக்கு அதுவும் கல்வேலிதான். கிட்டப் போய்க் குனிந்தால் உள்ளே சீமேந்து தெரியும். விருந்தாளிகளின் பிள்ளைகள் ஏறி விழுந்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்து மேசனை வைத்துக் கட்டியதாம். காரணம் நியாயமானதுதான். ஆனால் பயணிகள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வது அதன்மேல்தான், மேசனுக்குக் கிடைப்பதும் ஐயாவின் நாட்கூலியைவிடக் கூடுதல். ஐயாவுக்கு அதில் பெரிய கோபம் இல்லை. "விழுந்தா கட்டியாத்தான் விழும். பிறகு அந்தக் கல்லு ஒண்டுக்கும் உதவாது" என்று மட்டும் சொன்னார்.

சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. குரோஷியா, இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின் என எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரில் சேர்ந்த அது, 2024இல் அயர்லாந்து உட்பட மேலும் ஐந்து நாடுகளுக்கு விரிந்தது. நெடுந்தீவு அதில் இல்லை. இருந்தால் நல்லதுதான். ஆனால் மருமகன் கேட்பது பட்டியலை இல்லை. வேலியைத் திருத்துகிறவருக்கும் மேசன் கூலி கொடுத்தால் இதையே தொழிலாக வைத்துக்கொள்வேன் என்கிறார்.

இப்போதைக்கு அவர் கடலுக்குப் போகிறார், இடையிடையே யாழ்ப்பாணத்தில் கட்டட வேலை. மாரியில் கடல் கொந்தளித்தால் படகு கரையில் கிடக்கும். வேலிகள் அதிகம் சரிவதும் அந்த மழையில்தான். அப்போது மாமனைத் தேடி ஆட்கள் வருவார்கள், இவரும் காலுறையை மாட்டிக்கொண்டு கூடப் போவார்.