கைதானது உண்டா?

திருவிடைமருதூர் பக்கம் கணினி மையம் வைத்திருக்கிறேன். பதினைந்து வருடமாக, வேலைக்குப் போகிற பிள்ளைகளின் சரிபார்ப்புத் தாள்கள்தான் என் மேசையில் அதிகம். தட்டச்சு சின்ன வேலை. நாளை யாரோ ஒருவர் ஒவ்வொரு வரியையும் ஒத்துப்பார்ப்பார் என்று எண்ணி எழுத வைப்பதில்தான் தொழிலே இருக்கிறது.

பாதிச் சிக்கல் இனிஷியலில் வரும். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும். பழைய கம்பெனியில் விலகிய தேதி பி.எஃப். கணக்கில் ஏறியிருக்காது, இரண்டு மாதம் கழிந்தால் அதை நாமே ஏற்றிவிடலாம். இதெல்லாம் அலைச்சல், அவ்வளவுதான்.

வழக்கு அப்படியல்ல. 2017இல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது முதல் டெல்டாவில் மீத்தேன் எதிர்ப்பு மறியலுக்குப் போன பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் ஒரு தம்பி 2021 ஆடியில் மத்திய அரசு வேலைக்கான படிவத்தோடு வந்தார். ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?’ என்ற இடத்தில் என் கையைத் தடுத்தார்.

“இல்லைன்னு போடுங்கண்ணே. மீத்தேன் கேஸெல்லாம் வாபஸ்னு சட்டசபையிலயே சொல்லிட்டாங்களே.”

அந்த ஜூனில் முதல்வர் அறிவித்தது உண்மைதான். ஆனால் அறிவிப்பு வேறு, உத்தரவு வேறு. அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு நீதிமன்றம் அனுமதித்தால்தான் வழக்கு முடியும். அப்படி முடிந்தாலும் கைதானது கைதானதுதான். படிவம் கேட்பது அதை.

அவ்தார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். படிவத்தில் உண்மையை எழுத வேண்டும், மறைத்தால் வேலையே போகலாம். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற சிறு குற்றம் என்றால், மறைத்ததைக்கூட வேலை தருபவர் பொறுத்துக்கொள்ளலாம்.

“அப்ப மறைச்சாலும் பரவால்லையா?”

“பொறுத்துக்கலாம்னுதாம்ப்பா இருக்கு. பொறுத்துக்கணும்னு இல்ல.”

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு ‘ஆம்’ என்று எழுதினோம். ஈ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைத் தேடி எடுத்தோம். நீதிமன்றத்தில் நகல் மனுப் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கினார். தேதி, இடம், பிரிவு, வழக்கின் இன்றைய நிலை என்று நான்கே வரியில் தனித்தாள் ஒன்று தயாரானது.

அதன் கீழே, ‘தெரியாமல் போய்விட்டேன், மன்னிக்கவும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அதை மட்டும் நான் அடிக்கவில்லை. அவர்கள் வீட்டு மூன்று மா நிலமும் அந்தக் குழாய் போகிற பக்கம்தான். தெரிந்துதான் போனார்.