அப்பா பேர்ல ஒரு ஆராய்ச்சி!

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நம்ம பசங்க கடைசியாகத் தொடுகிற பக்கம் எது தெரியுமா? 'ரெஃபரன்ஸ்'! வைவாவுக்கு முந்தின ராத்திரி சீனியர் ரிப்போர்ட்டில் இருந்து அப்படியே உருவி ஒட்டிவிட்டு, ஸ்பைரல் பைண்டிங் கடைக்கு ஓடுவோம். எக்ஸ்டர்னலும் அந்தப் பக்கத்தைப் புரட்ட மாட்டார். ஆக, எல்லாருக்கும் சந்தோஷம்!

இந்த லீவில் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு இன்டர்ன்ஷிப். காசநோய் டேட்டாவுக்கு கிராஃப் போடத்தான் கூப்பிட்டார்கள். அது ரெண்டே நாளில் முடிந்தது. "தம்பி, நீதான் கம்ப்யூட்டர்ல கில்லாடியாச்சே... இந்த ரெஃபரன்ஸை எல்லாம் வான்கூவர் ஸ்டைலுக்கு மாத்திக் குடுத்துடுப்பா" என்று டாக்டர் மேடம் ஒரு ஃபைலை நீட்டினார். மொத்தம் 62. முழுசாக ஒரு வாரம் ஆனது!

அதென்ன வான்கூவர்? 1978-ல் மருத்துவ ஜர்னல் எடிட்டர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசினார்கள். 'ஆளுக்கொரு மாதிரி கேட்டு டாக்டர்களைப் படுத்தாமல், எல்லாரும் ஒரே மாதிரி கேட்போம்' என்பதுதான் பேச்சு. அடுத்த வருஷமே விதிகள் வெளியாயின. கட்டுரையில் வருகிற வரிசைப்படி 1, 2, 3 என்று நம்பர். கடைசிப் பக்கத்தில் அதே நம்பருக்கு நேராக ஆசிரியர்கள் பேர், தலைப்பு, ஜர்னலின் சுருக்கப் பேர், அப்புறம் '1999;110:56-69' மாதிரி ஒரு வால். வருஷம், தொகுதி, பக்கம். தெரு, கதவு நம்பர் மாதிரிதான். ஒரு எண் மாறினால் தபால் வேறு வீட்டுக்குப் போயிடும்!

நம்பர், கமா, புள்ளி எல்லாம் சமாளித்துவிடலாம் பாஸ். ஸொட்டெரோ மாதிரி இலவச சாஃப்ட்வேரே பார்த்துக்கொள்ளும். நம்மைக் கவிழ்ப்பது பேர்!

குடும்பப் பேர் முதலில், இனிஷியல் பின்னால். இதுதான் ரூல். சீர்காழியில் 1892-ல் பிறந்த நூலக மேதை எஸ்.ஆர்.ரங்கநாதன் இதில் ஜம்மென்று உட்காருவார்... 'ரங்கநாதன் எஸ்.ஆர்'. எஸ் என்பது ஊர் (அந்தக் கால 'ஷியாழி'), ஆர் என்பது அப்பா ராமாமிர்தம். ஆனால், சிதம்பரத்தில் பிறந்து 2009-ல் வேதியியலுக்கு நோபல் வாங்கிய வெங்கி? அவர் பேர் வெங்கட்ராமன். அப்பா பேர் ராமகிருஷ்ணன். ரெஃபரன்ஸில் 'ராமகிருஷ்ணன் வி' என்றுதான் வரும். அவர் தங்கை லலிதா, கேம்பிரிட்ஜில் காசநோய்க் கிருமியை ஆராய்கிறவர். அவரும் 'ராமகிருஷ்ணன் எல்' தான். அண்ணன், தங்கை ரெண்டு பேர் உழைப்புக்கும் முன்னால் நிற்பது அப்பா!

அவர்கள் உலகப் புகழ், யாரும் குழம்ப மாட்டார்கள். எங்க மேடம் கதை வேறு. அந்த 62-ல் மூன்று கட்டுரைகள் அவருடையதே. ஒன்றில் இனிஷியலோடு சொந்தப் பேர். இன்னொன்றில் அப்பா பேர் குடும்பப் பேராகிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு வந்ததில் கணவர் பேர். தேடினால் மூன்று தனித்தனி டாக்டர்கள் கிடைக்கிறார்கள்! "இன்டர்வியூவுல 'இது நான்தான் சார்'னு ஒவ்வொண்ணுக்கும் நிரூபிக்க வேண்டியிருந்துச்சுப்பா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

லிஸ்டில் பேரே இல்லாத ஆசிரியர்களும் உண்டு. மின்சார ரயிலில் 'தாம்பரம் சானடோரியம்' ஸ்டேஷனைத் தாண்டியிருப்பீர்கள். காசநோய் ஆஸ்பத்திரியால் வந்த பேர் அது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் மாசக்கணக்கில் இப்படி ஒரு இடத்தில் தங்கவேண்டும். வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகிறார்கள் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது சென்னையில் நடந்த ஆய்வு. அந்தக் கட்டுரையின் ஆசிரியர் இடத்தில் மனிதர் பேர் இல்லை, சென்னை காசநோய் மையத்தின் பேர்தான்.

அடுத்து 'செங்கல்பட்டு பி.சி.ஜி. ட்ரையல்'. 1968-ல் தொடங்கி, இரண்டரை லட்சம் பேருக்கும் மேல் சேர்த்து, 15 வருஷம் தொடர்ந்து கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை 1999-ல் அறிக்கையாக எழுதினார்கள். (குழந்தைகளைக் கடுமையான காசநோயில் இருந்து காப்பதால் இன்றும் போடுகிறோம்.) மேலே சொன்ன '110:56-69' இதோட விலாசம்தான்! ட்ரையல் நடந்தது திருவள்ளூர் பக்கம். எங்க மாகறல் அங்கிருந்து தூரம். ஆனால், அன்றைக்கு ரெண்டும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட நம்ம ஜனங்க எல்லாரும் இன்று அந்த ஒற்றை வரிக்குள் இருக்கிறார்கள். அதைத் தப்பாக டைப் அடிக்க மனசு வருமா?

தப்பாகக் காட்டினால் என்ன ஆகும்? அமெரிக்காவைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் அபின் வகை வலிமருந்து வாங்கியவர்களில் அடிமையானவர்கள் மிகச் சிலரே என்று 1980-ல் ஒரு பெரிய ஜர்னலில் ஒரு கடிதம் வந்தது. வெறும் ஐந்தே வாக்கியம்! அதை 608 கட்டுரைகள் மேற்கோள் காட்டின. 'அது ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பற்றியது' என்பதை அதில் 80 சதவிகிதத்துக்கும் மேல் சொல்லவே இல்லை என்று 2017-ல் கணக்கெடுத்து, அதே ஜர்னல் வெளியிட்டது. அதற்குள் அந்த மருந்துக்கு அடிமையாகி ஏராளமானவர்கள் செத்திருந்தார்கள். கடிதம் மட்டுமே காரணம் இல்லை. ஆனால், படிக்காமல் காட்டிய கைகளுக்கும் அதில் பங்கு உண்டு.

காமெடியும் உண்டு. ஒரு பதிப்பகம் 'இப்படி எழுதுங்கள்' என்று மாதிரிக்குக் காட்டிய டம்மி ரெஃபரன்ஸை, நிஜம் என்று நினைத்து நூற்றுக்கணக்கான கட்டுரைகளில் அப்படியே விட்டிருக்கிறார்கள். இப்போ சாட்ஜிபிடி வேறு... இல்லாத கட்டுரைக்குக் கமா, புள்ளி பிசகாமல் விலாசம் தரும்!

உத்திரமேரூர் கல்வெட்டைப் பாருங்கள். குடவோலை விதிகளை வெட்டும்போதே எந்த அரசன், அவனுக்கு எத்தனாவது ஆண்டு என்பதையும் சேர்த்துதான் வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் ஆயிரம் வருஷம் கழித்தும் நம்மால் '921' என்று அடித்துச் சொல்ல முடிகிறது.

ஸோ, ரெண்டே விஷயம் மச்சி. காட்டுகிற கட்டுரையை ஒருமுறையாவது திறந்து படி. உன் பேரை எப்படி எழுதுவது என்று முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு பண்ணிடு. ஆர்கிட் என்று 16 இலக்க நம்பர் இலவசமாகத் தருகிறார்கள். பேர் மாறினாலும் நம்பர் மாறாது.

நான் நம்பர் வாங்கிட்டேன். பேர்தான் பாக்கி. ஊருக்கு ஒரு 'எம்', அப்பாவுக்கு ஒரு இனிஷியல், கடைசியில் என் பேர் என்று பிளான். அப்பா ஓகே சொல்லிட்டார். அம்மாதான், "பத்து மாசம் சுமந்தவ பேரு எங்கடா?" என்கிறார்.

வான்கூவர்காரர்களிடம் இதற்கு ரூல் இல்லை!