டோனாவூரில் ஒரு தண்ணீர்த் தொட்டி

நெல்லை மாவட்டம் களக்காடு பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிறது டோனாவூர். அங்கே கிளம்பிய அன்று காலை, படுக்கையிலிருக்கும் மாமியார் மூன்றாம் தடவை தண்ணீர் கேட்டதற்கு, "சும்மா இருங்களேன் அத்தை!" என்று எரிந்து விழுந்திருந்தேன். அதுவும் ஜெபம் முடித்த கையோடு!

1901ல் இங்கே குழந்தைகளுக்கு அடைக்கலம் தரத் தொடங்கிய ஏமி கார்மைக்கேல், 1931ல் விழுந்து அடிபட்டு, 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாமென்றாராம். பிள்ளைகள் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்து, தாயைக் குறிக்கும் ஒரே சொல்லைப் பொறித்தார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. படுத்திருந்தவருக்கும் பொறுமை, பார்த்துக்கொண்டவர்களுக்கும் பொறுமை!

வீடு திரும்பியதும், கேட்காமலே தம்ளரை நீட்டினேன். "வெயில்ல அலைஞ்சிட்டு வந்திருக்கே, முதல்ல நீ குடிம்மா" என்றார் அத்தை.

பொறுமையைப் பார்க்க அவ்வளவு தூரம் போனேனே, சகோதரிகளே!